ஆன்லைன் தமிழ் வகுப்பு, மும்பை: எது ஏறுது, எது ஏற மாட்டேங்குது?

டோம்பிவிலி அப்பா:
எங்க ஹவுசிங் சொசைட்டியும் (அடுக்குமாடிக் குடியிருப்பு) பக்கத்து சொசைட்டியும் சேர்ந்து எட்டுப் பிள்ளைங்க, 6 வயசுலேர்ந்து 11 வரைக்கும். எல்லாரும் வீட்ல தமிழ் பேசுவாங்க, எழுதப் படிக்க வராது. ஸ்கூல்ல இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி மூணும் இருக்கு. நேர்ல வகுப்புன்னா மாட்டுங்கா, சயான் பக்கம் போகணும். ஞாயித்துக்கிழமை சென்ட்ரல் லைன்ல மெகா பிளாக் (தண்டவாள வேலைக்கு ரயிலை நிறுத்தறது) போட்டுட்டா பாதி நாள் அதுலயே போயிடும். அதனால ஆன்லைன்தான்னு முடிவு பண்ணியாச்சு. சொல்லித்தர ஒருத்தங்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஆன்லைன்ல எடுத்துப் பழக்கமில்லை. எழுத்து எழுத வைக்கிறதை எப்படிச் செய்யறது? என்ன சாமான் வாங்கணும்? எட்டுப் பேரையும் ஒண்ணா வைக்கலாமா?

சயான் டீச்சர்:
கடைசிக் கேள்விக்கு முதலில். எட்டுப் பேரையும் ஒன்றாக வைக்காதீர்கள். வயதை வைத்தும் பிரிக்க வேண்டாம், எழுத்து எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பிரியுங்கள். எழுத்துக் கட்டத்தில் ஒரு குழுவுக்கு நாலு பேர், மிஞ்சினால் ஐந்து. நாற்பது நிமிட வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஐந்து நிமிடமாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும். ஐந்து பேருக்கே இருபத்தைந்து நிமிடம் போய்விடும், மிச்சம் பதினைந்தில்தான் புதுப்பாடம். எட்டுப் பேர் என்றால் யாராவது நாலு பேர் கேமராவுக்கு முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், வீட்டில் அதுவும் வகுப்புக் கணக்கில் சேரும்.

இன்னொன்று. நேர் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எல்லாரும் கோரஸாகச் சொல்வது ஆன்லைனில் நடக்காது. ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் வெவ்வேறு தாமதத்தில் வரும், எதிரொலி மாதிரிதான் கேட்கும். எல்லாரையும் மியூட்டில் வைத்து, டீச்சர் சொன்னதும் அவரவர் வீட்டில் சத்தமாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேரை மட்டும் அன்மியூட் பண்ணிக் கேட்க வேண்டும். யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் மற்றவர்களும் வாயைத் திறப்பார்கள்.

எழுத்து விஷயம் பெரியது, தனியாக எழுதுகிறேன்.

வாஷி நெட்வொர்க்:
சாமான் கணக்கை நான் சொல்லிடறேன். டீச்சர் பக்கம் ஒரு லேப்டாப், ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். அவ்வளவுதான். பென் டேப்லெட் வாங்கச் சொல்வாங்க, வேண்டாம். அதுல கை ஒரு இடத்துல, எழுத்து திரையில இன்னொரு இடத்துல. பழகறதுக்குள்ள டீச்சரோட 'ஞ' கோழி கிறுக்கினது மாதிரி ஆயிடும், பிள்ளைங்க அதையே பார்த்து எழுதும்.

பழைய போனை மேலேர்ந்து நோட்டைப் பார்க்கிற மாதிரி மாட்டுங்க. ஸ்டாண்டு இல்லைன்னா ரெண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, நடுவுல ஒரு மரப்பலகை, பலகை விளிம்புல போன், கேமரா வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும். நோட்டுலேர்ந்து ஒரு அடி உயரம் போதும். அந்தப் போன்ல அதே மீட்டிங்குக்குள்ள இன்னொரு ஆளா சேருங்க. சேரும்போது ஆடியோவை இணைக்காதீங்க. மைக்கை மட்டும் மூடினா பத்தாது, ஸ்பீக்கர் ஓடிக்கிட்டு இருந்தாலும் லேப்டாப் மைக் அதைப் பிடிச்சு ஊளையிடும்.

பால் பாயிண்ட் பேனா கேமராவுல தெரியாது, ஸ்கெட்ச் பேனா. வழவழ பேப்பர் வேண்டாம், டியூப் லைட் பட்டு வெள்ளையா அடிக்கும். வலது கைக்காரங்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்துலேர்ந்து வரணும், இல்லைன்னா கை நிழல் சரியா எழுத்து மேலயே விழும்.

வெள்ளைப் பலகை முன்னாடி நின்னு எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: உங்க திரையில எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பித் தெரிஞ்சா பதறாதீங்க. ஜூம்ல உங்க படம் உங்களுக்கு மட்டும்தான் அப்படி. பிள்ளைங்களுக்கு நேராத்தான் போகுது.

இலவசக் கணக்குல ஜூம் 40 நிமிஷம். கூகுள் மீட் மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம். இந்த வகுப்புக்கு 40 போதும். நேரம் முடிஞ்சு தானா அறுந்துபோறது ஒரு வகையில நல்லது, இழுத்துக்கிட்டே போக முடியாது.

டோம்பிவிலி அப்பா:
நன்றி சார். டேட்டா எவ்வளவு இழுக்கும்? ரெண்டு வீட்ல வைஃபை இல்லை, தினசரி பேக்தான்.

வாஷி நெட்வொர்க்:
வீடியோவோட 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட்) ஓடுதுன்னு வைங்க, மணிக்கு 450 எம்பி, 40 நிமிஷத்துக்கு 300 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக்கே தாங்கும். சத்தம் மட்டும்னா 80 கேபிபிஎஸ் கணக்குல மணிக்கு 36 எம்பிதான்.

போன்ல படிக்கிற பிள்ளைக்கு டேட்டா பிரச்சினை கிடையாது, அப்பாவுக்கு வர்ற போன்தான் பிரச்சினை. கால் வந்தா மைக் அங்கே போயிடும். கட் பண்ணின பிறகும் பல போன்ல வகுப்புச் சத்தம் திரும்பி வராது, வெளியே வந்து மறுபடி சேரணும். வகுப்பு நேரத்துல 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு விடுங்க.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (கரண்ட் போனா ஓட வைக்கிற பேட்டரி) வாங்கறதுக்கு முன்னாடி உங்க இணைப்பு எதுன்னு பாருங்க. வீட்டுக்குள்ள வரைக்கும் ஃபைபர் வந்தா யூபிஎஸ் உதவும். மாடிப்படியில நெட்வொர்க் சுவிட்சுப் பெட்டி (இணைப்பைப் பல வீட்டுக்குப் பிரிக்கறது) வைச்சு அங்கிருந்து லேன் கேபிள் இழுத்திருந்தா, கட்டடத்துப் பொதுக் கரண்ட் போனதும் அந்தப் பெட்டி செத்துடும், உங்க யூபிஎஸ் வெறும் விளக்குதான் எரிக்கும்.

செம்பூர்க்காரி:
எல்லாம் சரி, 6 வயசுப் பிள்ளைக்கு இது வேண்டாம்னு யாருமே சொல்லலையே? 2020 ஜூலையில மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போ கல்வி அமைச்சகம்) ஸ்கூல் ஆன்லைன் வகுப்புக்கு 'பிரக்யாதா'ன்னு வழிகாட்டி வெளியிட்டுச்சு. ஒண்ணாம் வகுப்புக்குக் கீழே ஒரு நாளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் 30-45 நிமிஷத்துல ரெண்டு வகுப்பு, அவ்வளவுதான். ஸ்கூல் ஹோம்வொர்க்கே இப்போ ஆப்ல வருது. அதுக்கு மேல தமிழையும் திரையில ஏத்தினா கண்ணு என்ன ஆகும்? பென்சிலே சரியாப் பிடிக்கத் தெரியாத குழந்தைக்குக் கையைப் பிடிச்சுத்தான் எழுத வைக்கணும். திரை கையைப் பிடிக்குமா?

சயான் டீச்சர்:
செம்பூர்க்காரி மேடம் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். 6 வயதுப் பிள்ளைக்கு எழுத்தைத் திரையில் ஆரம்பிக்காதீர்கள். பாட்டு, கதை, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது: வாரம் இரண்டு முறை 25 நிமிடம் போதும். எழுத்தை மணல் பரப்பிய தாம்பாளத்தில் அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து பழக்கட்டும். பக்கத்தில் பெரியவர் உட்காரவே முடியாத வீடு என்றால் அந்தப் பிள்ளையை ஒரு வருடம் கழித்துச் சேருங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. 8 வயதில் ஆரம்பிக்கும் பிள்ளை பென்சில் பிடிக்கத் தெரிந்து வருகிறது, வேகமாகத் தாண்டிவிடும்.

ஆனால் 8-11 வயதுக்கு ஆன்லைனே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டோம்பிவிலிப் பிள்ளையை வாரம் ஒருமுறை மாட்டுங்காவுக்கு இழுத்துக்கொண்டு வந்தால், மொழிக்குத் தேவையான அன்றாடப் பழக்கம் கிடைக்காது. வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் ஆன்லைனில் படிக்கும் பிள்ளை, ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நேரில் படிக்கும் பிள்ளையை முந்தும். இடையில் ஆறு நாள் விட்டால் எழுத்து மறந்துவிடும், பாதி வகுப்பு பழைய பாடத்துக்கே போய்விடும்.

இப்போது எழுத்து விஷயம். ஹோம்வொர்க்கை வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக வாங்கினால் முடிந்த வடிவம்தான் தெரியும், எங்கே ஆரம்பித்து எப்படிச் சுழித்தது என்று தெரியாது. 'ழ'-வைக் கீழிருந்து மேலே இழுக்கிற பிள்ளை, 'இ'-யை மூன்று துண்டாக ஒட்டுகிற பிள்ளை, எல்லாருடைய போட்டோவும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். வேகமாக எழுத வேண்டி வரும்போது கை சிக்கும். அதனால் வாரத்தில் ஒரு நாள் போட்டோ வேண்டாம், வீடியோ கேளுங்கள்: புதிதாகப் படித்த மூன்று எழுத்து, ஒவ்வொன்றும் இரண்டு முறை, 20 வினாடி, கையும் நோட்டும் மட்டும் தெரிந்தால் போதும். பார்க்க டீச்சருக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

நோட்டு: கணக்கு நோட்டு, பெரிய சதுரக் கட்டம். கோடு போட்ட நோட்டில் 'ண'-வும் 'ன'-வும் எத்தனை சுழி என்று தெரியாமல் பிதுங்கிக் கிடக்கும்.

தாராவி 90 அடி ரோடு:
வைஃபை, லேப்டாப்னு பேசிக்கிட்டே போறீங்க. ஒரே ரூம், ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு, ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருது. பக்கத்துல டிவி, கீழே மெஷின் சத்தம். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்றீங்க?

சயான் டீச்சர்:
அங்கே நேரலை வகுப்பை முக்கியமாக வைக்கவே கூடாது. வாய்ஸ் நோட்டும் தாளும்தான். டீச்சர் நாலு வரிப் பாடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்து இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டாக அனுப்ப வேண்டும். இரவு போன் வந்ததும் பிள்ளை கேட்டு, தான் படித்ததைப் பதிவு பண்ணி அனுப்பட்டும். காலையில் டீச்சர் தவறிய இரண்டு சொல்லை மட்டும் திருத்தி அனுப்புவார். பதிவை அனுப்பும் முன்னால் தானே கேட்கும் பிள்ளை தயங்கின இடத்தை அழித்துவிட்டு மறுபடி படிக்கும். நேர் வகுப்பில் அந்த இரண்டாவது வாசிப்பு கிடைப்பதில்லை. எழுத்துப் பயிற்சித் தாளை மாதம் ஒருமுறை மொத்தமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

தாராவிக்கு ஆன்லைனே தேவையா என்றும் யோசியுங்கள். எட்டுப் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் இருந்தால் ஒரு வீட்டு வாசலில் நேர் வகுப்புதான் மேல்.

கோலிவாடா தமிழ்:
உச்சரிப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆன்லைனில் அதிகம் சேதமாவது அதுதான்.

முதலில் புளூடூத் இயர்போனை எடுத்து வைத்துவிடுங்கள், டீச்சரும் சரி பிள்ளையும் சரி. மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் பல மாடல்களில் ஒலித்தரம் இறங்கிவிடும், பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ல-ளவும் ர-றவும் ஒன்றாகிவிடும். வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது, டீச்சர் பக்கம் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரைச்சலை வடிக்கிறேன் என்று நீட்டிச் சொல்லும் ஒலியையும் அது சேர்த்து நறுக்கிவிடும். ஆனால் பின்னால் மிக்ஸி ஓடினால் அதுவும் முழுசாகப் போகும். அமைதியான அறையில்தான் இது.

ழகரம் வாய்க்குள் நடக்கிற வேலை. கேமராவில் எவ்வளவு வாயைத் திறந்து காட்டினாலும் நாக்கு தெரியாது. கையால் காட்டுங்கள். இடது கையைக் குவித்துக் கவிழ்த்தால் அதுதான் மேலண்ணம், விரல் நுனிகள் பல்வரிசை. வலது கை நாக்கு. ல: வலது விரல் நுனி இடது விரல்களின் அடியைத் தொடும். ள: விரலைப் பின்னால் மடக்கி உள்ளங்கை நடுவைத் தொடும். ழ: அதேபோல் மடங்கும், ஆனால் தொடாது, இடைவெளியில் காற்று போகும். பிள்ளைகளையும் இரண்டு கையாலும் செய்துகொண்டே சொல்லச் சொல்லுங்கள். தொடுகிறதா இல்லையா என்று கேமராவில் டீச்சருக்குத் தெரியும்.

மும்பைப் பிள்ளைகளிடம் ஒரு மூலதனம் ஏற்கெனவே இருக்கிறது: மராத்தி. ளகரம் மராத்தியில் அன்றாடம் வருகிறது, வாழைப்பழத்துக்கே 'கேளே' என்றுதானே சொல்கிறார்கள். எனவே ளவைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம், அந்த எழுத்துக்குத் தமிழ் வடிவம் இது என்று காட்டினால் போதும். ஹிந்தியில் இகரக் கொம்பு மெய்க்கு முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கும், அதனால் 'கெ', 'கே', 'கை' எழுதும்போதும் குழம்ப மாட்டார்கள். குழம்புகிற இடங்கள் வேறு: எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில் அவர்களுக்குப் புதுசு. அதோடு ஒரே 'க' பல ஒலியாக வருவது. 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றையும் படிக்க வைத்துக் காதால் பழக்குங்கள், விதி சொல்லாதீர்கள்.

டோம்பிவிலி அப்பா:
இது ரொம்பப் பிரயோஜனம். பாடத்தை எந்த வரிசையில எடுக்கறது? அ, ஆ, இ, ஈலேர்ந்தா?

சயான் டீச்சர்:
247-ஐயும் அட்டவணையாக மாட்டி அ-விலிருந்து ஆரம்பித்தால் இரண்டு மாதம் ஆகியும் ஒரு சொல் படிக்க வராது, பிள்ளை கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடும். வடிவம் எளிதான ட, ப, ம-வில் ஆரம்பியுங்கள். கூடவே புள்ளி. முதல் வகுப்பிலேயே படம், பட்டம், மடம் வந்துவிடும். பிறகு ய, க, ச, த, வ என்று கூட்டிக்கொண்டே போகலாம். கால் போட்ட எழுத்து (கா, மா) இரண்டாவது வாரம்.

வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் உகர வரிசை. ஊகாரம் தவிர மற்ற உயிர்மெய்யில் ஒரே குறி எல்லாவற்றுக்கும் வரும், இங்கே வராது. மூன்று குடும்பமாகப் பிரியுங்கள்: நேராகக் கீழே இறங்குபவை ஙு, சு, பு, யு, வு. வளைத்துப் பிடிப்பவை கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே போய்ச் சுற்றுபவை ஞு, ணு, து, நு, லு, று, னு. ஙு-வைப் பெயருக்குக் காட்டிவிட்டுப் போகலாம், எங்கே வரப்போகிறது. இந்த வரிசைக்கு மட்டும் மூன்று வாரம் வையுங்கள். ஒரே வாரத்தில் முடித்த வகுப்புகளில் பிள்ளைகள் வருடக் கடைசியிலும் 'து'-வுக்கு 'த'-வின் அடியில் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

புத்தகம் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, க்யூஆர் குறியை ஸ்கேன் பண்ணினால் வீடியோவும் வரும். ஒன்றாம் வகுப்புத் தமிழ் சரியாக இருக்கும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் சுற்றிலும் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்காக எழுதியது, 10 வயது மும்பைப் பிள்ளையும் திணறும். வயதைப் பார்த்து அதைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

செம்பூர்க்காரி:
தமிழ் இணையக் கல்விக் கழகத்தையும் சேர்த்துக்குங்க. 2001-ல 'தமிழ் இணையப் பல்கலைக்கழகம்'னு ஆரம்பிச்சது. மழலைக் கல்விப் பாடம் இணையத்துல சும்மாவே இருக்கு, பாட்டு, கதை எல்லாம் உண்டு. அப்புறம் சான்றிதழ்ப் படிப்பு, அடிப்படை, இடைநிலை, மேல்நிலைன்னு. பெரிய பிள்ளைங்களுக்குத் தேர்வுன்னு ஒரு இலக்கு இருந்தா விடாம வருவாங்க. சின்னதுகளுக்குச் சான்றிதழ் ஆசை காட்டாதீங்க, அது பெற்றோருக்குத்தான்.

பாண்டுப் பொறியாளர்:
எழுதவே ஏன் இவ்வளவு பாடு? போன்ல 'pazham' அடிச்சா 'பழம்' வருது. படிக்கத் தெரிஞ்சா போதாதா?

கோலிவாடா தமிழ்:
ஆங்கில எழுத்தில் அடிக்கும் பிள்ளை தமிழ் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, வந்த முதல் சொல்லைத் தட்டிவிடும். 'பள்ளம்' வந்தாலும் 'பல்லம்' வந்தாலும் அதற்கு ஒன்றுதான். தட்டச்சு வேண்டுமென்றால் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக்கொடுங்கள். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், 'க'-வையும் 'இ'-யையும் அடித்தால் 'கி'. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும், 'பட்டம்' அடிக்கும்போது கண்ணெதிரே எழுத்துக்கூட்டல் நடக்கும். ஆனால் கையால் எழுதப் பழகி ஆறு மாதம் போன பிறகு.

டோம்பிவிலி அப்பா:
ஊர்ல இருக்கற தாத்தா பாட்டியைச் சேர்க்கலாமான்னு ஒரு வீட்ல கேக்கறாங்க.

சயான் டீச்சர்:
கட்டாயம். ஆன்லைன் வகுப்பில் இதுதான் நேர் வகுப்பு தரவே முடியாத லாபம். ஆனால் வகுப்புக்குள் சேர்க்காதீர்கள், பேரன் தடுமாறும் முன்னாலேயே பாட்டி சொல்லிவிடுவார். வகுப்பில்லாத நாளில் பத்து நிமிட வீடியோ கால்: பிள்ளை நாலு வரி படிக்கும், பாட்டி கேட்பார், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். கேள்விக்குத் தமிழில்தான் பதில்.

எழுதிக் காட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை, னை, ளை, ணை எல்லாவற்றையும் மேலே யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்டுத்தான் எழுதுவார்கள். ணா, றா, னா வடிவமும் வேறு. அதைத் தப்பு என்று பாட்டியிடம் சொல்ல வேண்டாம், பழைய வடிவம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

வாஷி நெட்வொர்க்:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. லிங்க்கைச் சொசைட்டி குரூப்ல போடாதீங்க, பெற்றோருக்குத் தனித்தனியா அனுப்புங்க, வெயிட்டிங் ரூம் (டீச்சர் விட்டாத்தான் உள்ளே வர முடியும்) எப்பவும் ஆன்ல இருக்கட்டும். வகுப்பை ரெக்கார்டு பண்றதா இருந்தா எல்லாப் பெற்றோர்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்குங்க. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழே இருக்கறவங்க தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேக்கறாங்க. என்னைக் கேட்டா ரெக்கார்டிங்கே வேண்டாம். யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு வகுப்புக்கு வராம இருக்கத்தான் உதவும்.

டோம்பிவிலி அப்பா:
அப்போ மூணு குழு: 6 வயசு ரெண்டு பேர் பாட்டும் கதையும், மத்த ஆறு பேர் மூணு மூணா. செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் ஏழு மணிலேர்ந்து, ஒரு குழு முடிஞ்சதும் அடுத்தது. ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் ஆரம்பிக்கலாமா?

செம்பூர்க்காரி:
ஜூன் நல்லது. கணபதிப் பத்து நாளுக்கு இப்பவே லீவு போட்டு வைச்சுடுங்க, ஏழு மணி ஆரத்தி ஸ்பீக்கர்ல டீச்சர் சொல்றது ஒண்ணும் கேக்காது. அந்தப் பத்து நாளும் வாய்ஸ் நோட்டு ஓடட்டும். அப்புறம் மாசம் ஒரு ஞாயிறு எல்லாரும் ஒரே வீட்ல நேர்ல உட்காருங்க, டீச்சரையும் கூப்பிடுங்க. அன்னிக்குப் பாடம் வேண்டாம், பிள்ளைங்க பென்சில் பிடிக்கிற விதத்தை மட்டும் அவங்க பார்க்கட்டும்.